நெஞ்சுக்குள் ஒரு நிரபராதி

கோழிக்கு அது கழுத்தின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக இருக்கிறது. சுறாவுக்குச் செவுள் பக்கம். தவளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால். மனிதக் குழந்தைக்கு நெஞ்செலும்பின் பின்புறம், இதயத்துக்குச் சற்று மேலே, மூச்சுக்குழாயை ஒட்டி, இரண்டு மடல்களாக. தைமஸ் என்று பெயர். பிறக்கும்போது 10, 15 கிராம். விடலைப் பருவத்தில் 30, 40. அதற்குப் பிறகு வயது ஏற ஏறச் சுருங்கி, பெரும்பகுதி கொழுப்பாகிப் போகும். தாடை உள்ள முதுகெலும்புப் பிராணிகள் எல்லாம் கோடிக்கணக்கான வருஷங்களாக இதை விடாமல் சுமந்து வருகின்றன. எதற்காக என்று கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு 1961 வரை பிடித்தது. தெரியாத வரைக்கும் சும்மா இருந்தார்களா என்றால், அதுதான் இல்லை.

முதலில் தீர்ப்பு எழுதிய பெரிய மனுஷர் காலென். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு, பெர்கமம் ஊர்க்காரர், ரோமாபுரியில் பேரரசர்களுக்கு நாடி பார்த்தவர். மனிதப் பிணத்தை அறுக்க வழியில்லாததால் குரங்கையும் பன்றியையும் அறுத்துவிட்டு, மனிதனுக்கும் இப்படித்தான் என்று எழுதிவைத்த தைரியசாலி. குட்டிகளுக்குத் தைமஸ் பெரிதாக இருக்கிறது, வளர்ந்தால் சிறுத்துவிடுகிறது என்பது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. சபாஷ். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலெனுக்குத் தெரியாத ஒரே சொல் ‘தெரியாது’. நெஞ்செலும்பு கடினமானது, அதன் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் மெல்லியது, இரண்டும் இடிபடாமல் இருக்க இயற்கை நடுவில் வைத்த மெத்தை என்று முடித்துவிட்டார். வளர்ந்தவனுடைய ரத்தக்குழாய் மட்டும் இரும்பிலா செய்திருக்கிறது என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. காலென் சொன்னால் சொன்னதுதான். ஐரோப்பா அந்த மெத்தையில் 1,300 வருஷம் படுத்துத் தூங்கியது. காலெனின் தப்புகளைத் தேடித் தேடிக் குத்திக்காட்டிப் பேர் வாங்கிய வெசாலியஸ்கூட மெத்தையை உதறாமல் அப்படியே விட்டுவிட்டார்.

இதற்குள் சமையல்காரர்கள் வேலையை முடித்திருந்தார்கள். பிரெஞ்சு அடுக்களையில் கன்றுக்குட்டியின் தைமஸுக்கு ராஜமரியாதை. தண்ணீரில் ஊறவைத்து, சவ்வை உரித்து, வெண்ணெயில் பொரித்துப் பிரபுக்களுக்குப் பரிமாறினார்கள். வாங்கினால் கன்றாக வாங்கு, வளர்ந்த மாட்டில் அது கிடைக்காது என்பது கசாப்புக்கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். உறுப்பின் வரலாற்றில் மருத்துவர்களைவிடச் சமையல்காரர்கள் குறைந்த சேதம் செய்த காலம் அது. இனி வருவது மருத்துவர்களின் முறை.

1614-இல் பாசல் நகரத்து மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டர் ஒரு வழக்கைப் பதிவு செய்தார். 5 மாதக் குழந்தை மூச்சுத் திணறி திடீரென்று இறந்துவிட்டது. அறுத்துப் பார்த்தார். கழுத்தடியில் பெரிய சுரப்பி. இதுதான் குரல்வளையை நெரித்திருக்கிறது என்று எழுதினார். பாவம், பெற்றவர்களுக்கு ஏதாவது ஒரு பதில் சொல்ல வேண்டுமே. அன்றைக்குத் தைமஸின் பேரில் விழுந்த கொலைப்பழி முன்னூறு வருஷத்துக்கும் மேல் நீங்கவில்லை. மெத்தையாக இருந்தது கொலைகாரனாகப் பதவி உயர்வு பெற்றது.

நடுவில் ஒரே ஒருவர் உண்மைக்குக் கிட்டே போனார். வில்லியம் ஹியூசன். இங்கிலாந்தின் ஹெக்ஸம் ஊர். 1739-இல் பிறந்தவர். லண்டனுக்கு வந்து வில்லியம் ஹண்டர் என்ற பிரபல உடற்கூறியல் ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்து, பின்னால் பங்காளியும் ஆனார். பறவை, மீன், ஆமை ஆகியவற்றுக்கும் நிணநீர் நாளங்கள் உண்டு என்று நிரூபித்து 1769-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் வாங்கினார். அடுத்த வருஷம் கல்யாணம். பெண் மேரி ஸ்டீவன்சன். கிரேவன் தெருவில் அவள் அம்மா வீட்டில் மாடியில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவர் அவளை மகள் மாதிரி பார்த்துக்கொண்டார். அவர் பெயர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின்.

கல்யாணம் ஆனதும் ஹண்டருக்கும் ஹியூசனுக்கும் பிய்த்துக்கொண்டது. பாகப் பிரிவினையில் தகராறு எதற்கு என்றால், ஜாடிகளில் போட்டுவைத்த உடல் உறுப்புகள் யாருக்குச் சொந்தம் என்று. மின்னலைக் கம்பியில் இறக்கிய ஃப்ராங்க்ளினே பஞ்சாயத்துப் பேசவேண்டி வந்தது. கடைசியில் ஹியூசன் 1772-இல் கிரேவன் தெருவிலேயே சொந்தமாக உடற்கூறியல் பள்ளி தொடங்கினார். பள்ளி என்றால் பிணம் வேண்டும், பிணம் என்றால் இரவில் கல்லறையிலிருந்துதான் வர வேண்டும். அறுத்து முடித்த மிச்சத்தை எங்கே போடுவது? வீட்டுக்குள்ளேயே குழி தோண்டினார்கள். 1998-இல் ஃப்ராங்க்ளின் வாழ்ந்த வீட்டைப் புதுப்பிக்கப் போனவர்கள் அடித்தளத்தில் 1,200-க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளைக் கண்டு அலறினார்கள். 15 பேருக்குக் குறையாத மனிதர்கள். அமெரிக்கக் குடியரசை நிறுவிய தந்தைகளில் ஒருவர் இரட்டை வாழ்க்கை வாழ்ந்திருக்கிறார் என்று சில நாள் பத்திரிகைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

நமக்கு வேண்டியது ஜாடிகளோ எலும்புகளோ அல்ல. ஹியூசன் கன்றுக்குட்டித் தைமஸை வெட்டி, வழிந்த பால் போன்ற நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எண்ணிலடங்காத குட்டிக் குட்டி உருண்டைகள். நிணநீரிலும் நிணநீர் முடிச்சுகளிலும் அவர் ஏற்கெனவே பார்த்த அதே உருண்டைகள். ஆகவே, இது மெத்தை அல்ல, இந்த உருண்டைகளை உற்பத்தி செய்யும் இடம், குழந்தைப் பருவத்தில்தான் இதற்கு வேலை அதிகம், வேலை முடிந்ததும் சுருங்குகிறது என்று எழுதினார். இன்றைக்கு லிம்போசைட் என்று சொல்கிறோமே, அந்த வெள்ளை ரத்த அணுக்கள்தான். அந்த உருண்டைகள் பின்னால் சிவப்பணுக்களுக்கு நடுப்பருப்பாகப் போகின்றன என்று கூடவே ஒரு கற்பனையையும் சேர்த்தார் என்பது வேறு விஷயம். 1774-இல், வயது 34, பிணம் அறுக்கும்போது கையில் பட்ட கீறல் சீழ்பிடித்து, உடம்பெல்லாம் பரவி இறந்துபோனார். கிருமி என்றால் என்னவென்று உலகத்துக்குத் தெரியாத காலம். கிருமியோடு சண்டை போடும் படை எங்கே தயாராகிறது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிட்ட மனுஷனைக் கிருமியே கொண்டுபோனது. எஞ்சிய எழுத்தை உதவியாளர் மேக்னஸ் ஃபால்கனர் 1777-இல் அச்சிட்டார். மருத்துவ உலகம் அதை மரியாதையாக அலமாரியில் ஏற்றியது.

பிறகு 1832. இந்த வருஷத்தில் தைமஸ் சம்பந்தமாக இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்றுக்குத்தான் தைமஸோடு சம்பந்தம் என்று அன்றைக்கு எல்லாரும் நினைத்தார்கள். லண்டனின் நட்சத்திர அறுவை மருத்துவர் சர் ஆஸ்ட்லி கூப்பர் தைமஸின் அமைப்பைப் பற்றி அழகான படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. நான் அறுக்க ஆசைப்பட்டால் இந்த நாட்டில் எத்தனை பெரிய மனுஷன் பிணமும் எனக்குக் கிடைக்கும் என்று 1828-இல் பாராளுமன்றக் குழுவின் முகத்துக்கு நேரே சொன்னவர். அதே வருஷம் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இரண்டு பேர் கல்லறை தோண்டும் சிரமம் எதற்கு என்று உயிரோடு இருந்த 16 பேரையே கொன்று உடற்கூறியல் பள்ளிக்கு விற்றது அம்பலமானது. ஊர் கொதித்தது. அரசாங்கம் 1832-இல் உடற்கூறியல் சட்டம் கொண்டுவந்தது. இனிமேல் திருட வேண்டாம், அனாதை விடுதிகளிலும் ஏழைகள் காப்பகங்களிலும் உரிமை கோர ஆளில்லாமல் சாகிறவர்களை எடுத்துக்கொள்ளலாம். பணக்காரன் பிணம் பத்திரம். இதுதான் அந்த இரண்டாவது காரியம். தைமஸின் தலையெழுத்தை மாற்றியது புத்தகம் அல்ல, இந்தச் சட்டம்.

எப்படி என்றால், பட்டினி கிடந்தால் தைமஸ் சுருங்கும். நீண்ட நாள் காய்ச்சல், காசநோய், வயிற்றுப்போக்கு, ஓயாத பயம், குளிர், எதுவானாலும் சுருங்கும். அட்ரினல் சுரப்பி விடும் ஹார்மோன் தைமஸின் இளம் செல்களைக் கும்பல் கும்பலாகச் சாகடிக்கிறது. மான்ட்ரியாலில் ஹான்ஸ் செல்யே எலிகளை வாட்டி வதைத்து இதை எழுதியது 1936-இல். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் மேசைகளில் வந்து படுத்தவர்கள் யார்? காப்பகத்து ஏழைகள், அவர்களின் பிள்ளைகள். வாழ்நாள் முழுக்க வாடி வதங்கிச் செத்தவர்கள். அவர்களுடைய தைமஸ் சுண்டிப்போயிருந்தது. உடற்கூறியல் ஆசான்கள் அதை அளந்து, எடைபோட்டு, இதுதான் இயல்பான அளவு என்று பாடப்புத்தகத்தில் அச்சடித்தார்கள். பசியின் எடையை ஆரோக்கியத்தின் எடையாகப் போட்டார்கள்.

இப்போது ஒரு நல்ல வீட்டுக் கொழுகொழு குழந்தை ராத்திரி தூங்கப்போய்க் காலையில் எழுந்திருக்கவில்லை. இன்றைக்குத் திடீர்ச் சிசு மரணம் என்கிறார்களே, அது. அறுத்துப் பார்த்தால் தைமஸ் பாடப்புத்தகத்தில் போட்டதைவிட எத்தனையோ மடங்கு பெரிது! நோயில்லாமல் போய்ச் சேர்ந்த பிள்ளையின் தைமஸ் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவுதான் இருந்தது. ஆனால் புத்தகம் பொய் சொல்லுமா? பிடி திருடனை.

1830-இலேயே ஜெர்மன் மருத்துவர் கோப், ‘தைமஸ் ஆஸ்துமா’ என்று நோய்க்கு நாமகரணம் செய்துவிட்டார். 1858-இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஃப்ரீட்லெபன் என்ற மருத்துவர் நிறையத் தைமஸ்களைப் பொறுமையாக நிறுத்துப் பார்த்து, அப்படி ஒரு ஆஸ்துமாவே கிடையாது என்று தெளிவாக எழுதினார். நல்ல எழுத்து. ஒருவரும் சட்டை செய்யவில்லை. 1889-இல் வியன்னாவின் அர்னால்ட் பால்டாஃப் புதுக் கொள்கை கொண்டுவந்தார்: தைமஸ் கழுத்தை நெரிக்கவில்லை, சரி. ஆனால் சில பேருக்கு உடல்வாகே கோளாறு. தைமஸும் நிணநீர் முடிச்சுகளும் பெரிதாக இருக்கும். லேசான அதிர்ச்சி போதும், பொசுக்கென்று போய்விடுவார்கள். இதற்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்டேடஸ் தைமிகோலிம்ஃபாடிகஸ்’. சொல்லி முடிப்பதற்குள் நோயாளிக்கு மூச்சு வாங்கும். ஆனால் என்ன அருமையான பெயர்! குளோரோஃபார்மை அளவு தெரியாமல் கொடுத்து அறுவை மேசையிலேயே பிள்ளை செத்துவிட்டால் இனி மயக்க மருந்து கொடுத்தவர் தலைகுனிய வேண்டாம். லத்தீனில் காரணம் இருக்கிறது. குற்றவாளி பிணத்துக்குள்ளேயே இருக்கிறான். பிணம் வாதாடப்போவதில்லை.

அறுவை மருத்துவர்களும் சும்மா இருப்பார்களா? ஃப்ராங்க்ஃபர்ட்டின் லுட்விக் ரேன் 1896-இல் மூச்சுத் திணறிய ஒரு சிறுவனின் தைமஸை மேலே இழுத்து நெஞ்செலும்பின் பக்கம் தைத்துவிட்டார். இனிமேல் மூச்சுக்குழாய் பக்கம் வராதே என்பது போல. அதே மனுஷர் அதே வருஷம் கத்திக்குத்துப் பட்ட இதயத்தைத் தைத்து ஆளைப் பிழைக்கவைத்தார். இதயத் தையலில் உலகத்திலேயே முதல் வெற்றி. அதற்காக அவரை மன்னித்துவிடலாம்.

இந்தக் களேபரத்தில் ஒருவர் ஒதுங்கி நின்று பார்த்தார் என்றும் சொல்ல வேண்டும். ஆர்தர் ஹில் ஹாசல். லண்டன் கடைகளின் காப்பிப்பொடி, மிளகு, மிட்டாய் எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் வைத்துக் கலப்படத்தைக் கண்டுபிடித்து வியாபாரிகளின் வயிற்றில் புளியைக் கரைத்தவர். அதற்கு முன்பே, 1840-களில், தைமஸுக்குள் வெங்காயத் தோல் அடுக்குகள் மாதிரி சுருண்ட உருண்டைகள் இருப்பதைப் படம் போட்டு வைத்தார். இன்றும் அவற்றுக்கு அவர் பெயர்தான். எதற்கு என்று கதை விடாமல், இருக்கிறது என்று மட்டும் சொன்னவர்.

20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் புது விளையாட்டுச் சாமான் வந்தது: எக்ஸ்ரே. 1907-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஆல்ஃபிரட் ஃப்ரீட்லாண்டர் ஒரு குழந்தையின் ‘வீங்கிய’ தைமஸைக் கதிர் பாய்ச்சிச் சுருக்கினார். சுருங்கத்தான் செய்தது. தைமஸ் செல்கள் கதிருக்குச் சட்டென்று சாகும். வைத்தியம் பலித்துவிட்டது என்று ஊரெல்லாம் பரவியது. பச்சைக் குழந்தையின் மார்பு எக்ஸ்ரேயில் தைமஸ் பாய்மரம் விரித்தாற்போல் நிழல் போடும். இன்றைக்கு எந்தக் குழந்தை மருத்துவரும் அதைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். அன்றைக்கு அதுவே வாரண்ட். அழுதால் கதிர், இருமினால் கதிர், நாளைக்கு டான்சில் எடுக்கப்போகிறோம், எதற்கும் இருக்கட்டும் என்று கதிர். சில ஊர்களில் எந்தக் குறையும் இல்லாத சிசுக்களுக்கும் முன்ஜாக்கிரதையாகக் கதிர். பெற்றோர் பில் கட்டி நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

தைமஸுக்கு இரண்டு அங்குலம் மேலே தைராய்டு உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கதிருக்கு யாரும் சொல்லவில்லை. 1950-இல் நியூயார்க்கில் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இருவர் தைராய்டு புற்றுநோய் வந்த 28 பிள்ளைகளின் பழைய காகிதங்களைப் புரட்டினார்கள். அதில் பல பேருக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் தைமஸுக்குக் கதிர் பாய்ச்சியிருந்தது. ராச்செஸ்டர் நகரத்தில் அப்படிக் கதிர் வாங்கிய ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தேடிப்பிடித்து லூயிஸ் ஹெம்பெல்மான் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து சந்தேகத்தை உறுதி செய்தார். ஹெம்பெல்மான் யார்? லாஸ் அலமோஸில் அணுகுண்டு செய்தவர்களின் உடல்நலத்தைக் கவனித்துக்கொண்ட மருத்துவர். இந்தக் கட்டத்தில் என்னால் கிண்டல் செய்ய முடியவில்லை. இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து, இருக்கிற நோயைக் கொண்டுவந்தது.

கொடுமை என்னவென்றால், நோயே பொய் என்று அதற்குள் இரண்டு முறை தீர்ப்பாகியிருந்தது. ஸ்வீடனில் ஹம்மர் என்ற பிடிவாதக்காரர், விபத்தில் திடீரென்று இறந்த ஆரோக்கியமானவர்களின் தைமஸ்களை ஆண்டுக்கணக்கில் நிறுத்து, இயல்பான அளவே பெரிதுதான் ஐயா, நோய் வந்தால்தான் சுருங்கும் என்று எண்களாகக் குவித்துவைத்தார். 1927-இல் லண்டனில் புள்ளியியல் புலி மேஜர் கிரீன்வுட்டும் ஹில்டா வுட்ஸும் பால்டாஃபின் கொள்கையைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். (மேஜர் என்பது ராணுவப் பதவி அல்ல, அவர் அப்பா அம்மா வைத்த பெயர்.) 1931-இல் பிரிட்டனின் ஆய்வுக்குழு, இப்படி ஒரு நிலைமை இருக்கிறது என்பதற்கு ஆதாரமே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கை அட்லாண்டிக்கைக் கடக்க இன்னும் 20 வருஷம் எடுத்துக்கொண்டது. எக்ஸ்ரே இயந்திரத்தின் தவணை முடிய வேண்டாமா?

தைமஸ் என்னதான் செய்கிறது என்று தேடியவர்கள் அதைத் தீனியாகக்கூடப் போட்டுப் பார்த்தார்கள். 1912-இல் குடர்னாட்ஷ் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு ஊட்டினார், சீக்கிரமே குட்டித் தவளை ஆகிவிட்டன. தைமஸ் ஊட்டினார், தின்று கொழுத்துத் தலைப்பிரட்டையாகவே இருந்தன. உடனே ‘வளர்ச்சி ஹார்மோன்’ என்று ஒரு கட்சி கிளம்பி, கொஞ்ச நாள் கூச்சல் போட்டு அடங்கியது. பெரும்பாலானவர்கள் வளர்ந்த மிருகத்தின் தைமஸை வெட்டி எறிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். மிருகம் சுகமாகச் சாப்பிட்டுத் தூங்கியது. ஆக, வேலையில்லா உறுப்பு. கோப்பை மூடு.

கோப்பைத் திறந்தது, வேறு உறுப்பைத் தேடிப்போன ஒரு கோழிக்காரர். 1950-களில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், பறவைகளின் ஆசனவாயருகே இருக்கும் ஒரு பையின் வேலை என்ன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஃபாப்ரிசியஸ் பை. பேராசிரியரிடம் கேட்டபோது, நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி என்று பதில். குஞ்சுப் பருவத்திலேயே பையை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. சக மாணவர் திமோதி சாங்குக்கு வகுப்பில் செய்துகாட்டக் கோழிகள் வேண்டியிருந்தது. சால்மொனெல்லாவை ஊசி போட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் வரும், அதைக் காட்ட வேண்டும். கிளிக் தன் கோழிகளைக் கொடுத்தார். வகுப்பு எதிரில் சாங்கின் மானம் போனது. எதிர்ப்பொருள் வரவே இல்லை. பை இல்லாத கோழிகள்! ‘சயின்ஸ்’ பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார்கள். விளக்கம் போதாது என்று திரும்பி வந்தது. 1956-இல் ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ இதழில், தீவனக் கலவைகளுக்கும் முட்டை எடைக்கும் நடுவே, நோயெதிர்ப்பு அறிவியலின் அஸ்திவாரக் கட்டுரைகளில் ஒன்று வெளிவந்தது. நோயெதிர்ப்பு அறிஞர்கள் கோழிப் பத்திரிகை வாசிக்கும் ஜாதி அல்ல. தெரிந்துகொள்ளச் சில வருஷம் ஆனது.

அடுத்தது ஜாக் மில்லர். 1931-இல் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் பிறந்து, ஷாங்காயில் வளர்ந்து, போருக்குப் பயந்து குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய், மருத்துவம் படித்து, ஆராய்ச்சிக்கு லண்டன் வந்தவர். இடம் கிடைத்தது செஸ்டர் பீட்டி ஆய்வு நிலையத்தின் நாட்டுப்புறக் கிளையில். எலிகள் இருந்தது பழைய குதிரை லாயத்தில். அவர் தைமஸைத் தேடிப் போகவில்லை. எலிகளுக்கு வரும் ஒரு வைரஸ் ரத்தப் புற்றுநோய் தைமஸில் தொடங்குகிறது, அதைப் படிக்கப் போனார். வைரஸைப் பிறந்தவுடன் கொடுத்தால்தான் நோய் வரும் என்பதால், பிறந்த ஒரு நாளுக்குள் தைமஸை எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை. விரல் நுனி அளவு எலிக்குஞ்சுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை. அறுத்துத் தைத்த குஞ்சைத் தாய் எலி தின்றுவிடாமல் காவல் வேறு.

பால்குடி மறக்கும் வரை குஞ்சுகள் நன்றாக இருந்தன. அப்புறம் இளைத்தன, கழிந்தன, செத்தன. வைரஸ் கொடுக்காதவையும் செத்தன. ரத்தத்தில் லிம்போசைட்டுகளைக் காணோம். மில்லர் வேறு எலிகளின் தோலை வெட்டி இவற்றின் மேல் ஒட்டினார். சாதாரணமாக ஒன்றிரண்டு வாரத்தில் அந்நியத் தோலை உடம்பு உதிர்த்துவிடும். இவை உதிர்க்கவில்லை. வேறு இனத்துப் பெரிய எலியின் தோலைக்கூட ஏற்றுக்கொண்டு, முதுகில் வேற்று நிற ரோமக் குடுமியோடு வளைய வந்தன. எதிரி யார் என்றே தெரியாத உடம்பு. 1961 செப்டம்பரில் ‘லான்செட்’ இதழில் ஒரு சின்னக் கட்டுரை: நோயெதிர்ப்புச் செல்கள் உருவாகும் இடம் தைமஸ். வளர்ந்த பிராணியில் எடுத்தால் ஏன் ஒன்றும் ஆகவில்லை? அதற்குள் படை உடம்பெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஹியூசன் இறந்து 187 வருஷம் ஆகியிருந்தது.

மேளதாளம் முழங்கியதா? பீட்டர் மெடவார், தோல் ஒட்டு விஷயத்தில் உலகத்துக்கே வாத்தியார், அப்போதுதான் 1960-இல் நோபல் வாங்கியவர், தைமஸுக்குள் லிம்போசைட்டுகள் இருப்பது பரிணாமத்தின் ஒரு தற்செயல், பெரிய அர்த்தம் இல்லை என்ற தோரணையில் பேசினார், அதுவும் மில்லரின் கட்டுரை வந்த பிறகு. குதிரை லாயத்து அழுக்கில் வளர்ந்த எலிகள், ஏதோ தொற்றுதான் என்று இன்னும் சிலர். மில்லர் அமெரிக்கா போய்க் கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கு அதே அறுவையைச் செய்தார். இளைக்கவில்லை, கொழுகொழுவென்று இருந்தன. அந்நியத் தோலை மட்டும் அப்போதும் விரட்டத் தெரியவில்லை. எதிர்க்கட்சி உட்கார்ந்தது. 1965-இல் ஆஞ்சலோ டிஜார்ஜ் தைமஸே இல்லாமல் பிறந்த குழந்தைகளைப் பற்றிப் பேசினார். இயற்கை ஏற்கெனவே மில்லரின் சோதனையை மனிதர்களிலேயே நடத்தி வைத்திருந்தது.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். கருவில் தொண்டைப் பக்கம் வரிசையாகத் தோன்றும் பைகளில் மூன்றாவது ஜோடியிலிருந்து தைமஸ் முளைத்து, நழுவி நெஞ்சுக்கு வருகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து பயிற்சி இல்லாத இளம் செல்கள் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றின் முகத்திலும் குருட்டாம்போக்கில் அமைந்த ஓர் ஏற்பி. கல்யாண மண்டப வாசலில் நிற்கும் தாய்மாமனுக்கு என்ன தகுதி வேண்டுமோ அதுதான் இங்கேயும்: சொந்தக்காரன் முகம் தெரிய வேண்டும், தெரிந்த கையோடு அவன் சட்டையைப் பிடிக்கவும் கூடாது. புறணிப் பகுதியில் முதல் தேர்வு: நம் உடம்பின் அடையாள மூலக்கூறைத் தொட்டு உணரத் தெரியாதவை அங்கேயே சாகின்றன. அகணியில் அடுத்தது: சொந்தப் புரதத்தை முறைத்துப் பார்ப்பவை சாகின்றன. இதற்காக அகணிச் செல்கள் ‘ஏர்’ என்ற மரபணுவின் தயவில், கணையத்து இன்சுலின் முதல் கண்ணின் புரதம் வரை உடம்பின் எல்லா மூலைச் சரக்கிலும் ஒரு மாதிரி தயாரித்துக் காட்டுகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் தவளைத் தைமஸுக்குள் தசைச் செல் போல எதையோ பார்த்தவர்கள் குழம்பியதற்கு இப்போதுதான் பொருள் புரிகிறது. உள்ளே போவதில் நூற்றுக்கு 95-க்கு மேல் பிணம். வெளியே வரும் சொச்சம்தான் டி செல்.

டி என்பது தைமஸ். கோழிப் பையிலிருந்து, அதாவது பர்ஸாவிலிருந்து, வருவது பி. மில்லரும் அவர் மாணவர் கிரஹாம் மிட்செலும் 1968-இல் மெல்போர்னில், எதிர்ப்பொருள் செய்வது ஒரு ரகம், அதற்குக் கைகொடுப்பது இன்னொரு ரகம் என்று காட்டினார்கள். ஒரே மாதிரி இருக்கும் உருண்டைகளை இரண்டு ஜாதியாகப் பிரிப்பதா என்று கூட்டத்தில் எரிச்சல். ஆஸ்திரேலியாவின் பீட் மோரிஸ் எழுந்து, ‘புல்ஷிட்’ என்ற சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் இந்த பி-யும் டி-யும் என்றார். அறிவியல் வரலாற்றில் இவ்வளவு சிக்கனமான மறுப்பு அபூர்வம். தப்பான மறுப்பு என்பதுதான் குறை. பி, டி பிரிவினை நிலைத்தது. மில்லரும் கோழிகளில் இரண்டு வம்சங்களைப் பிரித்துக்காட்டிய மேக்ஸ் கூப்பரும் 2019-இல் லாஸ்கர் விருது பெற்றார்கள். நோபல் குழு இன்னும் யோசிக்கிறது.

2006-இல் இன்னொரு கூத்து. ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்குழு எலியின் கழுத்தில் இரண்டாவதாக ஒரு குட்டித் தைமஸ் இருப்பதைக் கண்டுபிடித்தது, வேலை செய்கிற தைமஸ். ஆய்வகங்களில் அதிகம் அறுக்கப்பட்ட பிராணிகளில் ஒன்று. தைமஸுக்காகவே அறுத்துத் தள்ளிய எலிகள் கணக்கில் அடங்காது. நல்லவேளை, அது மிகச் சிறியது, பிறந்து சில நாள் கழித்தே முழுசாக விழித்துக்கொள்கிறது. மில்லரின் முடிவுக்குச் சேதம் இல்லை.

வளர்ந்தவர்களின் தைமஸ் கொழுப்புதானே, அது எதற்கு என்ற எண்ணம் மட்டும் இதயம் திறக்கும் அறுவைக்கூடங்களில் தங்கிவிட்டது. இதயத்தை எட்ட வேண்டுமானால் அது குறுக்கே நிற்கும், வெட்டிப் போடுவது எளிது. 2023-இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களையும் அதே மாதிரி நெஞ்சு அறுவை ஆகியும் தைமஸ் தப்பித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 5 ஆண்டுக்குள் எடுத்தவர்களில் 8.1 சதவீதம் இறந்திருந்தார்கள், எடுக்காதவர்களில் 2.8. புற்றுநோய் இரண்டு மடங்கு. முடிந்தவரை விட்டுவைக்கப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். காலென் பார்த்த அதே இடத்தில், இதயத்துக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டுதான் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.